ஜன்னலோர மேசைகள்

போர்ட்லண்ட், ஓரிகன்
6 அக்டோபர் 1996

வெர்னா அக்காவுக்கு,

உன் முதலாளி ப்ரூயிட் ஒரு திருடன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அந்தத் திருட்டுக்கு ரசீது எழுதிக் கொடுப்பது நீ.

இதை எழுதி முடித்தால்தான் நலம் விசாரிக்க மனம் வரும் என்று தோன்றியது. இப்போது கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? லெஸ்டர் அத்தான் முதுகுக்குப் பெல்ட் கட்டுகிறாரா, இல்லை நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறாரா?

எனக்கு இங்கே ஆற்றங்கரையில் ஒரு மீன் ஓட்டலில் வேலை. அதே தட்டுகள், அதே காப்பிக் குடுவை, அதே 'சிரிச்சுப் பேசும்மா'. ஆனால் இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியை முதலாளி முழுசாகக் கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். முதல் சம்பளக் காசோலையைப் பார்த்துவிட்டு, வேறு யாருடையதையோ என்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொண்டுபோனேன். மேலாளர் சிரித்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"டென்னசி."

"அய்யோ பாவம்."

அந்தப் 'பாவம்' இன்னும் எரிகிறது.

ப்ரூயிட் நமக்குக் கொடுத்தது மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட். உனக்கு இன்றும் அதுதான். மீதியை வாடிக்கையாளர் டிப்ஸாகக் கொடுப்பார் என்று சட்டம் நம்புகிறது. டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியை எட்டாவிட்டால் முதலாளிதான் தன் பையிலிருந்து நிரப்ப வேண்டும். அதுவும் அதே சட்டம்தான். அவன் என்றைக்காவது நிரப்பினானா? அவனுக்கு ஏன் அந்த அவசியமே வரவில்லை? வராத டிப்ஸை வந்ததாக நாமே சீட்டில் எழுதிக் கொடுத்தோம். உள்ளபடி எழுதினால் 'உனக்குப் பரிமாறத் தெரியல' என்பான். அடுத்த வாரம் கழிப்பறைப் பக்கத்து மேசைகள்தான் கிடைக்கும்.

நாக்ஸ்வில்லில் கூலி அலுவலகம் இருக்கிறது. பழைய பாக்கியைக்கூட வாங்கித் தருவார்களாம். ப்ரூயிட்டிடம் இப்போது வேலை செய்கிற ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும். போடுவாயா?

மூட்டுக்குச் சூடான ஒத்தடம் கொடு. பதில் எழுது.

உன் தங்கை
கெய்லா

*

மார்லோ கிராசிங், டென்னசி
27 அக்டோபர் 1996

அன்புள்ள கெய்லா,

உன் கடிதம் வந்தது. நாங்கள் ஏதோ இருக்கிறோம். அத்தானின் பெல்ட் நாற்காலியில்தான் இருக்கிறது, நீ சொன்ன மாதிரியே. இங்கே இலைகளெல்லாம் சிவந்துவிட்டன. மலையைப் பார்க்கக் கார்கள் வருகின்றன. ஜன்னலோர மேசைகள் எனக்குத்தான் என்பதால் இந்த மாதம் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூட்டம் எப்போதும் போல. ஒரு பெரிய குடும்பம் டோரீனின் மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. டோரீன் புதிதாக வந்திருக்கிறாள். தையல் ஆலை மூடியதில் வேலை போனவள், இரண்டு பெண் பிள்ளைகள். தேநீர் ஊற்றி ஊற்றி அவள் கை ஓய்ந்துவிட்டது. அவர்கள் எழுந்து போனபின் தட்டுக்கு அடியில் மடித்த பத்து டாலர் நோட்டு. முகம் மலர்ந்து பிரித்தாள். அரை நோட்டுதான் அச்சடித்திருந்தது, உள்ளே வேத வசனம். 'பணம் தராத சமாதானம் உனக்கு உண்டாவதாக.'

"அக்கா, இதைக் கொடுத்தா பால் கிடைக்குமா?" என்றாள்.

"கடைக்காரன் ரட்சிக்கப்பட்டவனா இருந்தா கிடைக்கும்டி," என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். அந்த நோட்டை உனக்கு இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அவள் முதல் வாரம் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். ப்ரூயிட் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏம்மா, இத்தனை மேசை கொடுத்தும் இவ்வளவுதானா? சிரிக்கிறதுக்கும் நானே வந்து சொல்லித்தரணுமா?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "வெர்னா, அவளுக்குச் சீட்டு எழுதக் கத்துக்குடு," என்றார்.

கற்றுக்கொடுத்தேன்.

அங்கே மழை அதிகம் என்கிறார்கள். காலை நனையவிடாதே.

வெர்னா

*

போர்ட்லண்ட்
17 நவம்பர் 1996

அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீயும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முழங்காலைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. கையெழுத்தைப் பற்றியும் எழுதவில்லை.

'கற்றுக்கொடுத்தேன்.' எத்தனை சுலபமாக எழுதிவிட்டாய்! எனக்கும் நீதான் கற்றுக்கொடுத்தாய். "நிஜத்தை எழுதினா நிஜமாவே பட்டினி கிடப்படி" என்றாய். நானும் கெட்டிக்கார யோசனை என்று நினைத்தேன். எட்டுப் பேர் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடினார்களே, அந்தப் பில்லை ப்ரூயிட் என் டிப்ஸில் பிடித்தானே, அன்று சாயங்காலம்கூடச் சீட்டில் முழுத் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பறிகொடுத்தவளே 'எனக்கு நிறைய வந்தது, சந்தோஷம்' என்று எழுதித் தருகிற ஊர் நம் ஊர்தான்.

இங்கே மாதத் தொடக்கத்தில் தேர்தல். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்று ஜனங்களிடமே கேட்டார்கள். உயர்த்து என்று ஓட்டுப் போட்டார்கள். ஓட்டல் முதலாளிகள் உலகம் அழியப்போவதாக எழுதினார்கள். மறுநாளும் மீன் பொரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

படிவம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

கெய்லா

*

மார்லோ கிராசிங்
15 டிசம்பர் 1996

அன்புள்ள கெய்லா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் பார்சல் வந்தது, சால்வை நன்றாக இருக்கிறது. அத்தான்தான் போர்த்திக்கொள்கிறார். பனி விழுந்து நெடுஞ்சாலை இரண்டு நாள் மூடிக் கிடந்தது. ஓட்டலில் ஈ இல்லை. காலையிலிருந்து மூன்று வரை நாப்கினில் முள்கரண்டியும் கத்தியும் சுருட்டினோம், அரைப் பாட்டில் கெச்சப்பை இன்னொரு அரைப் பாட்டிலில் கவிழ்த்தோம். சுருட்டுகிறதுக்கு யார் டிப்ஸ் கொடுக்கப்போகிறார்கள்? ஆனாலும் அன்றைக்கும் சீட்டு எழுதினோம். எல்லோருக்கும் நிறைய வந்தது!

படிவம் வந்தது. குளிர்பெட்டி மேலே வைத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அப்போது முப்பது வயது, பிள்ளை குட்டி இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு ஜன்னல் பக்கம் கிடைக்கவே பதினாலு வருஷம் ஆனது. லாரிக்காரர்கள் அங்கேதான் உட்கார்வார்கள். அவர்கள் சாப்பாட்டில் குறை சொன்னாலும் காசை வைத்துவிட்டுத்தான் போவார்கள். கழிப்பறைப் பக்கம் போனால் அந்த நடைக்கே என் கால் தாங்காது. டாக்டர் முழங்காலில் கத்தி வைக்க வேண்டும் என்கிறார். சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

டோரீன் இப்போது நன்றாகப் பரிமாறுகிறாள். மூன்று தட்டை ஒரே கையில் எடுக்கிறாள்.

புத்தாண்டில் நன்றாக இரு.

வெர்னா

*

போர்ட்லண்ட்
11 ஜனவரி 1997

அக்கா,

முழங்காலைப் பற்றிக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. நான் கொஞ்சம் அனுப்புகிறேன், வேண்டாம் என்று திருப்பாதே.

இன்னொன்று. நான் எழுதிப் போட்டுவிட்டேன். நாக்ஸ்வில் அலுவலகத்துக்கு, என் பெயரில், நான் அங்கே இருந்தபோது கண்டதை. இது யார் எழுதியது என்று ப்ரூயிட்டிடம் சொல்லமாட்டார்களாம். உன் பெயர் அதில் எங்கேயும் இல்லை. யாராவது வந்து கேட்டால், நடக்கிறதை நடக்கிறபடி சொல். அதைத் தவிர உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் குளிர்பெட்டி மேலே வைத்திருப்பாய்.

கெய்லா

*

போர்ட்லண்ட்
16 பிப்ரவரி 1997

அக்கா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தொலைபேசி அடித்தால் இணைப்பே இல்லை என்று பதிவுக்குரல் வருகிறது. பில் கட்டவில்லையா? நான் அனுப்பியது சேர்ந்ததா? அதிகாரிகள் வந்தார்களா?

திட்டுவதாக இருந்தாலும் எழுது. உனக்குத் திட்ட வராது என்று தெரியும். அதனால்தான் கவலையாக இருக்கிறது.

கெய்லா

*

மார்லோ கிராசிங்
9 மார்ச் 1997

அன்புள்ள கெய்லா,

நாங்கள் நலம். நீ அனுப்பியது வந்தது, நன்றி. தொலைபேசி அடுத்த வாரம் வந்துவிடும். கொஞ்சம் வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

அதிகாரி வந்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தார், டை கட்டிக்கொண்டு. பெக்கன் பை சாப்பிட்டார், மூன்று டாலர் வைத்துவிட்டுப் போனார். ஒரு துண்டு இனிப்புக்கு மூன்று டாலர்! அந்த மேசை யாருக்கு என்று சமையல்கட்டில் சண்டையே வந்தது.

கடைசி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ப்ரூயிட் கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்று, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் சீட்டுகளையெல்லாம் கட்டுக் கட்டாக மேசையில் பரப்பியிருந்தார்கள். என் முறை வந்தது.

"இது நீங்க எழுதினதுதானே, மேடம்?"

"என் கையெழுத்துதான் தம்பி."

"இவ்வளவு டிப்ஸ் நிஜமாவே வந்துதா?"

"எழுதியிருக்குல்ல."

"பனி விழுந்து ரோடு மூடின அன்னிக்குமா?"

"காப்பி சூடா வேணுமா தம்பி, இல்ல இதுவே போதுமா?" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். நல்ல பையன். பாவம், சாப்பிடாமல் வந்திருப்பான் போல.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம்.

டோரீன் இப்போது இங்கே இல்லை.

மார்ச் வந்தும் குளிர் விடவில்லை. உன் இருமல் தேவலையா? நீ சொல்லவில்லை, ஆனால் உனக்கு இந்த மாதம் எப்போதும் இருமல் வரும்.

வெர்னா

*

மார்லோ கிராசிங்
13 ஏப்ரல் 1997

திருமதி கெய்லா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. ப்ரூயிட் ஓட்டலில் வேலை பார்த்த டோரீன் நான். உங்கள் முகவரியை வெர்னா அக்காவிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி வந்தபோது நான் உண்மையைச் சொன்னேன். வராத காசை எழுதுகிறோம் என்றேன். அவர், "நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா மத்தவங்க எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களே," என்றார். நான் எழுதின சீட்டுகளும் பொய் சொல்லின, என் கையெழுத்திலேயே.

மறுநாள் காலை முதலாளி எங்களைச் சமையல்கட்டில் நிறுத்தினார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்னு நெனச்சேன். எவ எழுதிப் போட்டது?" என்றார். என்னையே பார்த்தார். "நான் எழுதல சார். ஆனா எழுதியிருக்கணும்," என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்குச் சத்துரு. வெர்னா அக்கா காப்பிக் குடுவையோடு நின்றிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேசைகளுக்குக் காப்பி ஊற்றப் போய்விட்டார்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அது அவர் வழக்கமில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த வார வேலை அட்டவணையில் என் பெயர் இல்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. கேட்டால், "ஆள் நெறைய இருக்காங்கம்மா, பார்க்கலாம்," என்றார். இப்போது நானாகவே வராமல் நின்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நானாக நின்றால் வேலை போனவர்களுக்கான உதவித்தொகை கிடையாது. வீட்டு வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டிருக்கிறேன்.

மே பதினாலாம் தேதி மாவட்ட அலுவலகத்தில் உதவித்தொகை விசாரணை. நான் தினமும் காலையில் போய் அட்டவணையைப் பார்த்தேன் என்று பார்த்தவர் யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும் என்கிறார்கள். அங்கே காலையில் கதவைத் திறக்கிறவர் வெர்னா அக்காதான். நான் கேட்டேன். "பார்க்கிறேன்டி," என்றார். அன்று அவருடைய டிப்ஸ் முழுவதையும் ஒரு உறையில் போட்டு என் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் எனக்கு அந்த உறை போதாது.

நீங்கள் சொன்னால் கேட்பார் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு
டோரீன் ஹேகுட்

*

போர்ட்லண்ட்
20 ஏப்ரல் 1997

அக்கா,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை.

டோரீன் எழுதினாள். முகவரியைக் கொடுத்தவள் நீ. எனக்குத் தெரிய வேண்டும் என்று உனக்கு இருந்திருக்கிறது, உன் வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

நான் எழுதிப் போட்டேன், இரண்டாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு. அடி அவளுக்கு விழுந்தது. இதை எனக்குச் சொல்ல யாரும் வேண்டாம். மேசைக்கு மேசை தட்டு தூக்கும்போது அதுதான் காதில் ஓடுகிறது. எழுதியது நான்தான் என்று ப்ரூயிட்டுக்கே கடிதம் போட்டிருக்கிறேன். அவன் அதை நம்பினாலும் அவளுக்கு ஒரு வாடகையும் கிடைக்காது. அவள் பெயர் இல்லாத அட்டவணைக்கு முன்னால் அவள் நின்றதைப் பார்த்தவள் நீ.

இங்கேயும் சொர்க்கம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. கூலி உயர்ந்ததும் முதலாளி எங்கள் டிப்ஸில் ஒரு பங்கை 'உடைந்த பாத்திரங்களுக்கு' என்று எடுக்கத் தொடங்கினான். பேசினோம். கத்தினோம். மூன்று பேர் கத்தியதால் நிறுத்தினான். மூன்றே பேர், அக்கா. அங்கே நீங்கள் ஏழு பேர்.

மே பதினாலு. போய் இரண்டு வாக்கியம் சொல். 'அவள் தினமும் வந்தாள். பெயர் இல்லை.' டிப்ஸைப் பற்றிக்கூட நீ பேச வேண்டாம்.

கெய்லா

*

மார்லோ கிராசிங்
4 மே 1997

அன்புள்ள கெய்லா,

நாங்கள் நலம். மழை நன்றாகப் பெய்து பின்பக்கத் தோட்டம் முழுக்கக் களை. அத்தான் பெல்ட் கட்டத் தொடங்கியிருக்கிறார், கர்த்தருக்குத் தோத்திரம்.

ஒரு செய்தி. என்னைக் காலை வேலைக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். இனி டிப்ஸ் கிடையாது, முழு மணிக்கூலி. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் பாதி. முழங்காலுக்கு நல்லது. காப்பீடும் உண்டு, ஆகஸ்டில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார்கள். முதல் சம்பளக் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். எனக்கும் வேறு யாருடையதோ என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் பெண்களிடம் சீட்டுகளை வாங்கி அடுக்குவது இப்போது என் வேலை. ஜன்னலோர மேசைகளை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன். சின்னப் பெண், இன்னும் ஒவ்வொரு தட்டாகத்தான் எடுக்கிறாள்.

மே பதினாலு புதன்கிழமை. எனக்குக் காலை வேலை. கேட்டால் ப்ரூயிட் விடுப்பு கொடுப்பார். எதற்கு என்று கேட்பார்.

உன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் கலந்து குடி. வேறு விசேஷம் இல்லை.

வெர்னா

*

போர்ட்லண்ட்
1 ஜூன் 1997

அக்கா,

பதினாலாம் தேதிக்குப் பிறகு டோரீனுக்கு எழுதினேன். முகவரியில் ஆள் இல்லை என்று முத்திரை குத்தி உறை திரும்பி வந்துவிட்டது. உன் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது, அத்தான் எடுக்கிறார். "வேலைக்குப் போயிருக்கா, சொல்றேன்," என்கிறார். நான்கு தடவை அதையே சொன்னார். அவர் குரலில்கூட நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய்.

நீ அனுப்பிய அந்தப் பத்து டாலர் நோட்டு என் கண்ணாடியில் செருகியிருக்கிறது. மடித்து வைத்தால் நிஜம் போலவே இருக்கிறது. உன் கடிதங்களும் அப்படித்தான், அக்கா. மழை, களை, இருமலுக்குத் தேன். ஆசையாகப் பிரிக்கிறேன்.

உன் முழங்கால் குணமாக வேண்டும் என்றுதான் எனக்கும். அந்தச் சம்பளம் உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. அதை உன்னிடமிருந்து யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அது உனக்கு எதற்காக, எந்த வாரத்தில் கொடுக்கப்பட்டது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாயங்காலம் அந்தப் புதுப் பெண் சீட்டை நீட்டும்போது நீ என்ன எழுதச் சொல்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒன்றே ஒன்று. மே பதினாலாம் தேதி மாவட்ட அலுவலகத்துக்குப் போனாயா?

நலம் விசாரிக்க வேண்டாம். வானிலை வேண்டாம். போனேன், இல்லை போகவில்லை. ஒரே சொல் எழுதி அனுப்பு.

கெய்லா

*

போர்ட்லண்ட்
7 செப்டம்பர் 1997

அக்கா,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் சொன்னார். சந்தோஷம்.

போனாயா?